மீன்பிடிக்கு மாற்றிய கயாக்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பொழுதுபோக்குக் கயாக் ஒன்றில் தூண்டிற்கோல் தாங்கிகளையும் நங்கூரக் கயிற்றையும் பின்புறக் கூடையையும் பொருத்திவிட்டால் அது மீன்பிடிப் படகாகிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்தப் படகை வடிவமைத்தவர்களோ, ஒருவர் தாழ்வாக அமர்ந்து, இரு கைகளாலும் துடுப்பு வலித்து, அதிகச் சுமையின்றிச் சில மணி நேரம் உலா வருவார் என்ற கணக்கில்தான் அதற்கு உருவம் கொடுத்திருக்கிறார்கள். மீன் பிடிப்பவர் அப்படி இருப்பதில்லை. அவர் பக்கவாட்டில் சாய்ந்து வீசுகிறார், பின்னால் திரும்பிப் பொருள்களை எடுக்கிறார், ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்கிறார், துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கோலைக் கையில் பிடிக்கிறார். மாற்றத்திற்குப் பின் எழும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சுமையைத் தவறான இடத்தில் வைத்ததாலோ, இடத்தைச் சோதிக்காமல் துளையிட்டதாலோ வருபவை.

எந்த அறிகுறி தோன்றினாலும் முதலில் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். கூடுதலாகப் பொருத்தியவற்றுள் கழற்ற முடிந்த அனைத்தையும் கழற்றிவிட்டு, கரையோரத்தின் அமைதியான, ஆழமற்ற நீரில் படகை வெறுமையாக ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்துவிட்டால் காரணம் சுமையிலோ அது வைக்கப்பட்ட இடத்திலோ இருக்கிறது; மறையாவிட்டால் காரணம் படகின் உடலிலோ நீங்கள் இட்ட துளைகளிலோ இருக்கிறது. இதைச் செய்யாமல், ஒரு கருவியால் வந்த குறையைத் தீர்க்க இன்னொரு கருவியை வாங்கிப் பொருத்துவதுதான் நல்ல கயாக்குகளைக் கெடுக்கும் பழக்கம் என்பது என் உறுதியான கருத்து.

உடலுக்குள் தண்ணீர் சேர்கிறது

மேலே அமரும் வகைக் கயாக்கின், அதாவது மூடிய உடலின் மேல்தளத்தில் ஒருவர் அமரும் படகின், உட்கூட்டில் சிறிதளவு நீர் சேர்வது இயல்பு. மூடியைத் திறந்து மூடும்போது துளிகள் விழும், உள்ளே ஈரம் பனித்துப் படியும். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் வடிகால் அடைப்பானைத் திறந்தால் லிட்டர் கணக்கில் நீர் வெளியேறுகிறது என்றால் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே சேரும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. அதைவிடப் பெரிய ஆபத்து, படகு சாயும் பக்கமாகவே அந்த நீரும் ஓடிச் சேர்ந்து சாய்வை மேலும் கூட்டுவது.

கசிவைத் தேடும்போது முதலில் உங்கள் சொந்த வேலையைச் சந்தேகியுங்கள். தளத்தில் பதிக்கும் கோல் தாங்கிகளில் அடிப்பகுதி திறந்த வகையும் மூடிய வகையும் உண்டு. அடி திறந்த தாங்கியைக் கயாக்கில் பதித்தால், அதற்குள் விழும் ஒவ்வொரு அலைத்துளியும் நேராக உட்கூட்டிற்குள் இறங்கும். அந்தத் தாங்கியை மூடிய வகையாக மாற்றுவதே சரியான தீர்வு. அதுவரை மேல்வாயை மூடியால் அடைத்து வையுங்கள். அடுத்து ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் கையால் அசைத்துப் பாருங்கள். படகின் உடலாக அமைந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வெப்பத்தில் உலோகத்தைவிடப் பன்மடங்கு விரிந்து சுருங்கும் பொருள் என்பதால், பொருத்திய நாளில் இறுக்கமாக இருந்த இணைப்பு சில வாரங்களில் தளர்ந்திருக்கலாம்.

துளைகளைச் சுற்றிச் சிலிக்கோன் பசை பூசியிருந்தால் அதை நம்ப வேண்டாம். பாலிஎத்திலீனின் மேற்பரப்பில் எந்தப் பசையும் எளிதில் ஒட்டுவதில்லை; சிலிக்கோன் நாளடைவில் தோல்போல உரிந்து வந்துவிடும். நீரைத் தடுப்பது பசையின் ஒட்டும் வலிமையைவிட, இரு பரப்புகளுக்கு இடையே அழுந்தி நிற்கும் மெத்தைதான். ஆகவே பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்து, பரப்பை ஆல்கஹாலால் துடைத்து, பியூட்டைல் ரப்பர் நாடாவையோ நியோபிரீன் ரப்பர் வாஷரையோ இடையில் வைத்து, அது லேசாகப் பிதுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள்.

உங்கள் துளைகளில் குறை இல்லையென்றால், படகைக் கரையில் இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, உட்புறம் பத்துப் பதினைந்து லிட்டர் நீர் ஊற்றி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, முன்னும் பின்னும் பக்கங்களுமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நீர் எங்கே வெளியே கசிகிறதோ அங்கேதான் உள்ளேயும் புகுகிறது. முழுவதும் நிரப்பிவிடாதீர்கள், அந்த எடையில் உடலே வளைந்துவிடும். மேல்தளத்துக் கசிவைக் காண வேறொரு வழி உண்டு: எல்லா மூடிகளையும் மூடி, வடிகால் அடைப்பானைக் கழற்றி அதன் துளை வழியாக ஒரு குழாய் வைத்து வாயால் ஊதிக்கொண்டே, இணைப்புகளின் மீது சோப்பு நீரைத் தடவினால் குமிழ்கள் இடத்தைக் காட்டும். இதற்குக் காற்றழுத்த இயந்திரத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் உடல் பிளந்துவிடும்.

மேலே அமரும் படகுகளில் விரிசல் அதிகம் விழும் இடம், தளத்திலிருந்து அடிப்பகுதிக்குச் செல்லும் வடிகால் துளைகளின் உட்சுவர். அத்துளைகளில் முளைகளைச் செருகிப் படகைத் தூக்கும் வகைச் சக்கர வண்டியைப் பயன்படுத்துவோர் அவற்றை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், ஏனெனில் முழு எடையும் அந்த மெல்லிய குழாய்ச் சுவரில்தான் இறங்குகிறது. விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் சிறு துளை ஒன்றை இட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திய பின், அதே வகைப் பிளாஸ்டிக் கோலைக் கொண்டு வெப்பத்தால் பற்றவைக்க வேண்டும். சில படகுகள் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீனால் ஆனவை. அவை உருகுவதில்லை, எனவே பற்றவைப்பும் அவற்றில் பயன் தராது. வேலையைத் தொடங்கும் முன் உற்பத்தியாளரின் குறிப்பைப் படித்துவிடுங்கள்.

எங்கும் கசிவு தெரியவில்லை, ஆனாலும் நீர் சேர்கிறது என்ற குழப்பமான நிலையும் உண்டு. வெயிலில் கிடந்த படகின் உட்கூட்டில் காற்று சூடாகி விரிந்திருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் இறக்கியதும் அந்தக் காற்று சுருங்கி, ஊசிமுனை அளவு இடைவெளி வழியாகக்கூட நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். படகை நீரில் இறக்கிய பின் ஒரு மூடியைச் சிறிது நேரம் தளர்த்திவிட்டு, உடல் குளிர்ந்ததும் மூடினால் இந்த இழுப்பு நின்றுவிடும்.

படகு முன்பைவிட ஆடுகிறது

இருக்கையை மாற்றினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. தாழ்ந்த இருக்கையை எடுத்துவிட்டுச் சட்டமிட்ட உயரமான இருக்கையை வைத்தால் முதுகுக்குச் சுகமாக இருக்கும், தொலைவு வரை பார்க்கவும் முடியும். படகில் மிகக் கனமான பொருள் நீங்கள்தான் என்பதால், உங்களைப் பத்துச் சென்டிமீட்டர் உயர்த்துவது வேறெந்தப் பொருளை உயர்த்துவதையும்விட அதிகமாகப் படகை நிலைகுலைக்கும். குறுகிய படகில் உயர இருக்கை வேண்டாம் என்பதே என் துணிபு. இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள மெத்தையே போதும்.

அடுத்து மொத்த எடையைக் கணக்கிடுங்கள். உங்கள் எடை, உடை, நீர்ப்புட்டி, பேட்டரி, நங்கூரம், பிடிக்கப்போகும் மீனுக்கான பனிக்கட்டிப் பெட்டி எல்லாம் சேர்ந்து, படகின் மீது குறிப்பிடப்பட்டுள்ள உச்சத் தாங்கு எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கிற்குள் இருப்பது நல்லது. அந்த உச்ச எடை படகு மிதக்கும் எல்லையைச் சொல்கிறதேயன்றி, ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்து மீனை வலையில் அள்ளும் எல்லையைச் சொல்வதில்லை. கனமான பொருள்கள் அடித்தளத்திலும் நடுக்கோட்டிலும் இருக்க வேண்டும். பேட்டரியைக் கூடையின் மேல்தட்டில் வைத்திருந்தால் முதலில் அதைக் கீழே இறக்குங்கள்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் ஆட்டம் நீடித்தால் மட்டுமே பக்க மிதவைகளைப் பற்றி யோசியுங்கள். அவற்றை இருக்கைக்குப் பின்னால், துடுப்பு வீச்சுக்கு அப்பால் பொருத்தி, வழக்கமான சுமையோடு படகு சமநிலையில் நிற்கும்போது அடிப்பகுதி நீர்மட்டத்திற்குச் சற்று மேலே இருக்குமாறு உயரத்தை அமையுங்கள். இரண்டும் எப்போதும் நீரில் அழுந்தியிருந்தால் வேகம் குறையும். மிக உயரத்தில் இருந்தால் அவை நீரைத் தொடும் முன்னரே நீங்கள் விழுந்திருப்பீர்கள். மிதவைக் கம்பியைத் தாங்கும் இடத்தில் பெரிய விசை இறங்குவதால், உட்புறம் பின்தகடு வைக்காமல் அங்கே எதையும் பொருத்தக் கூடாது.

நேராகச் செல்லவில்லை, காற்று திருப்பிவிடுகிறது

இந்தக் குறையைப் பெரும்பாலும் ஒரு செலவும் இன்றித் தீர்க்கலாம். யாரையாவது கரையில் நிறுத்தி, முழுச் சுமையோடு நீங்கள் அமர்ந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்முனை அமிழ்ந்து முன்முனை தூக்கி நின்றால், உயர்ந்த முன்முனையைக் காற்று தள்ளிக்கொண்டு போய்ப் படகைக் காற்றின் போக்கில் திருப்பும். முன்முனை அமிழ்ந்திருந்தால் அது நீரில் ஊன்றிக்கொள்ள, இலகுவான பின்முனை நகர்ந்து படகு காற்றை எதிர்நோக்கித் திரும்பும். மீன்பிடிப் படகுகளில் காணப்படுவது பெரும்பாலும் முதல் வகை, ஏனெனில் கூடை, பெட்டி, நங்கூரம் அனைத்தும் பின்னால் குவிகின்றன. நங்கூரத்தையும் பேட்டரியையும் முன்புறத்திற்கு நகர்த்தினாலே போதும்.

சமநிலை சரியாக இருந்தும் முன்முனை ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் இடமும் வலமுமாக அலைந்தால், அது குட்டையான, அகன்ற படகின் இயல்பு. பின்முனையின் அடியில் மீனின் துடுப்பைப் போன்ற நிலையான தகடு ஒன்றைப் பொருத்தினால் அலைச்சல் குறையும், அதற்கு ஈடாகத் திரும்பும் எளிமையும் குறையும்.

கோல் தாங்கி ஆடுகிறது அல்லது பிடுங்கிக்கொண்டு வருகிறது

பெரிய மீன் இழுக்கும்போது தாங்கி ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. இரண்டு மீட்டர் நீளக் கோலின் நுனியில் விழும் இழுப்பு, தாங்கியின் அடியில் உள்ள சிறு திருகாணிகளைப் பன்மடங்கு விசையோடு மேலே தூக்குகிறது. ஆகவே எந்த வகை ஆணி பிடித்திருக்கிறது என்பதே இங்கு முழுக் கேள்வியும்.

தானே மரை வெட்டிக்கொள்ளும் திருகாணியைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்மையான பிளாஸ்டிக்கில் இறுக்கியிருந்தால், அது கயிறு கட்டும் கொக்கிக்கு மட்டுமே போதும். கோல் தாங்கிக்குப் போதாது. கை உட்புறம் எட்டும் இடங்களில், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, உள்ளே அகன்ற வாஷரோ பின்தகடோ வைத்து, நைலான் வளையமுள்ள பூட்டு நட்டால் முடியுங்கள். உப்பு நீருக்கு 316 தர எஃகு ஏற்றது. நன்னீரில் 304 போதும். கை எட்டாத இடங்களில், பின்புறம் மூன்று கால்களாக விரியும் ரிவெட்டைப் பயன்படுத்தலாம். தகட்டு வேலைக்கான சாதாரண ரிவெட்டின் தலை இந்தப் பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ரப்பர் உறைக்குள் நட் பதித்த வகையும் உண்டு. இறுக்கும்போது ரப்பர் புடைத்து நீரையும் தடுக்கும், ஆனால் அதிக இழுப்பைத் தாங்காது.

திருகாணி சுற்றிக்கொண்டே இருந்து இறுகாவிட்டால் அந்தத் துளையின் மரை அழிந்துவிட்டது. பசை ஊற்றி அதை மீட்க முயல வேண்டாம். துளையைப் பெரிதாக்கி ரிவெட்டுக்கோ போல்ட்டுக்கோ மாறுங்கள்.

தாங்கியைச் சுற்றி நட்சத்திரம்போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் மிகையாக இறுக்கியிருக்கிறீர்கள், அல்லது துளை போல்ட்டுக்கு மிக இறுக்கமாக இருக்கிறது. போல்ட்டைவிடச் சற்றே பெரிய துளை வேண்டும். டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டி, படிப்படியாக அகலும் பிட்டைப் பயன்படுத்தி, விளிம்பில் நிற்கும் பிசிறுகளைக் கத்தியால் நீக்கிவிட்டால் விரிசல் தொடங்க இடமிருக்காது. வார்ப்பு அச்சின் இணைப்புக் கோட்டுக்கும் கூரிய வளைவுகளுக்கும் அருகில் துளையிடாதீர்கள். துளையிடும் முன் உள்ளே வடிகால் குழாயோ நுரைப்பஞ்சுக் கட்டையோ இருக்கிறதா என்று விளக்கால் பார்ப்பது கட்டாயம். வேலைக்காக நுரைக் கட்டையை வெளியே எடுத்திருந்தால் திரும்ப வைக்க மறவாதீர்கள், மேல்தளத்தைத் தாங்கி நிற்பது அதுதான்.

துடுப்பு தாங்கியில் இடிக்கிறது

இது இடத் தேர்வில் வந்த பிழை. படகைப் புல்தரையில் வைத்து, உயிர்காப்பு மேலுடை அணிந்து அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு துடுப்பை இயல்பாக வீசிப் பாருங்கள். துடுப்பும் கைமுட்டிகளும் செல்லும் எல்லையைக் காகித நாடாவால் குறித்துவிட்டால், அதற்கு வெளியே உள்ள இடமே தாங்கிக்கு உரியது. பின்புறத் தாங்கியை இடுப்பைத் திருப்பிக் கை எட்டும் தொலைவில் வையுங்கள். கோலை எடுக்க எழுந்து திரும்ப வேண்டியிருந்தால் அந்த இடம் தவறு. துளையிடும் முன் தாங்கியை ஒரு பலகையில் பொருத்திப் படகோடு கயிற்றால் கட்டி, ஒரு நாளாவது மீன் பிடித்துப் பாருங்கள். இந்தப் பொறுமை படகின் ஆயுளைக் காப்பாற்றும்.

நங்கூரம் இட்டால் படகு குறுக்கே நின்று சாய்கிறது

இந்த அறிகுறி தெரிந்தால் அதைச் சரிசெய்யும் வரை நீரோட்டமுள்ள இடத்தில் நங்கூரம் இடவே கூடாது. இருக்கைக்கு அருகில் பக்கவாட்டில் கயிற்றைக் கட்டியிருப்பதே காரணம். ஓட்டம் படகின் முழு நீளத்தையும் தள்ள, கயிறு ஒரு பக்க விளிம்பைக் கீழே இழுக்க, சில நொடிகளில் படகு கவிழ்ந்துவிடும். பலருடைய உயிருக்கே ஆபத்தாக முடிந்த அமைப்பு இது.

கயிற்றின் இழுப்பு எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோ விழ வேண்டும். இருக்கையிலிருந்து அந்த முனைகள் எட்டாது என்பதால், முன்னும் பின்னும் ஒரு கப்பி வைத்து, அவற்றினூடே முடிவில்லா வளையமாக ஒரு கயிற்றை ஓட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்துவிடுவது வழக்கம். நங்கூரக் கயிற்றை வளையத்தினூடே விட்டு, அமர்ந்தபடியே கயிற்றை இழுத்து வளையத்தை எந்த முனைக்கும் அனுப்பலாம். நங்கூரக் கயிற்றின் படகுப் பக்க முனையை முடிச்சிடாதீர்கள். ஒரே இழுப்பில் விடுபடும் பிடியில் அதை வைத்து, முனையில் ஒரு மிதவையைக் கட்டுங்கள். பெரிய மீன் சிக்கினாலோ மரக்கட்டை மிதந்து வந்தாலோ கயிற்றை விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டால் எடையைக் கூட்டும் முன் கயிற்றை நீட்டிப் பாருங்கள். நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட்டால் இழுப்பு கிடைமட்டமாகி நகங்கள் தரையைக் கவ்வும். மடிக்கும் நகங்களுள்ள ஒன்றரைக் கிலோ நங்கூரமே பொதுவாகக் கயாக்குக்குப் போதும். மாறாக, பாறையில் சிக்கி எடுக்க முடியாமல் போனால், அடுத்த முறை கயிற்றை நங்கூரத்தின் அடிப்புறக் கண்ணில் கட்டி, தண்டோடு ஓட்டி, மேல் வளையத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் மட்டும் பிணையுங்கள். பலமாக இழுத்தால் பட்டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகத் திரும்பி விடுபடும். வேகமான ஆற்றோட்டத்தில் கயாக்கிலிருந்து எந்த அமைப்பிலும் நங்கூரம் இட வேண்டாம்.

மீன் காட்டும் கருவி தடுமாறுகிறது

திரை திடீரென அணைந்தால் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட ஈய அமில பேட்டரி, அரை ஆம்பியர் எடுக்கும் கருவியைக் கணக்குப்படி 14 மணி நேரம் ஓட்டும். பாதிக்கு மேல் காலியாக்கினால் அவ்வகை பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் ஏழு மணி நேரத்தையே நம்பலாம். ஃபியூஸ் நேர்முனைக்கு மிக அருகில், கருவியின் கையேடு சொல்லும் அளவில் இருக்க வேண்டும்.

திரை ஒளிர்ந்தும் அடித்தரை தெரியாவிட்டால் ஒலி அலையை அனுப்பித் திரும்பப் பெறும் டிரான்ஸ்டியூசருக்கும் நீருக்கும் இடையே காற்று புகுந்திருக்கிறது. ஒலி அலை திடமான பாலிஎத்திலீனை ஊடுருவும், ஆனால் மெல்லிய காற்றுப்படலம்கூட அதைத் தடுத்துவிடும். உட்புறம் ஒட்டியிருந்தால் பசையில் குமிழ் இருக்கிறது. பிரித்து மீண்டும் ஒட்ட வேண்டும். நிரந்தரமாக ஒட்டும் முன், நீர் நிரப்பிய மெல்லிய பையின் மேல் டிரான்ஸ்டியூசரை வைத்து இடத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். உள்ளே வைத்தால் வெப்பநிலை அளவு நம்பத்தக்கதாக இராது, பக்கவாட்டுப் படமும் கிடைக்காது. அவை வேண்டுமானால் கைப்பிடியில் வெளியே தொங்கவிடுவதே வழி. வெளியே இருப்பது படகு நகரும்போது மட்டும் தடுமாறினால், அதன் முகத்தடியில் குமிழ்கள் ஓடுகின்றன. சற்று ஆழமாக இறக்கி, நீர்மட்டத்திற்கு இணையாகத் திருப்புங்கள்.

அருகில் சென்றதும் மீன்கள் விலகுகின்றன

உட்கூடு வெறுமையாக இருப்பதால், கீழே விழும் இடுக்கியின் ஓசையை அது பெருக்கி நீருக்குள் அனுப்புகிறது. கால் வைக்கும் இடத்திலும் பெட்டியின் அடியிலும் மெல்லிய நுரைத் தகடு ஒட்டினால் போதும்.

அடிப்பகுதி உள்வாங்கிக் குழிந்துள்ளது

வெயிலில் வாகனத்தின் மேல் இறுக்கிக் கட்டியதால் நேர்வது இது. படகைக் கவிழ்த்து வெயிலில் வைத்தோ வெந்நீர் ஊற்றியோ சூடாக்கி, உட்புறமிருந்து தள்ளினால் பெரும்பாலும் பழைய உருவுக்குத் திரும்பும். தீச்சுடரைக் காட்டாதீர்கள்.

கவிழ்ந்த பின் மீண்டும் ஏற முடியவில்லை

இந்த அறிகுறியை நடு நீரில் முதன்முறையாகச் சந்திக்கக் கூடாது. மாற்றங்கள் முடிந்ததும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, உயிர்காப்பு மேலுடையோடு, கால் எட்டும் நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். கூடையின் எடையால் படகு நிமிர மறுத்தால் அந்தக் கூடையைச் சட்டென விடுவிக்கும் கொக்கியில் மாட்டுங்கள். ஏறும்போது தாங்கிகள் மார்பில் குத்தினால், ஏதேனும் ஒரு பக்கத்தை எந்தக் கருவியும் இல்லாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்பக்கமே நீங்கள் ஏறும் வாசல். கோல்களையும் துடுப்பையும் பிணைக்கும் கயிறுகள் குட்டையாக இருக்கட்டும், ஏனெனில் நீண்ட கயிறுகளும் தூண்டில் நரம்பும் கால்களைச் சுற்றிக்கொள்ளும். அறுக்க ஒரு கத்தி, படகில் இல்லாமல் மேலுடையிலேயே இருக்க வேண்டும்.

உள்ளே அமரும் வகைப் படகில் இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. கவிழ்ந்ததும் அது நீரால் நிரம்பிவிடும். முன்னும் பின்னும் காற்றுப் பைகளோ நுரைக் கட்டைகளோ இல்லையென்றால் விளிம்பு வரை அமிழ்ந்து, ஏறினாலும் தாங்காது. அவற்றை முதலில் நிரப்பிக் கட்டி, நீரை இறைக்கக் கைப்பம்பு ஒன்றை இருக்கைக்கு அருகில் பிணைத்த பிறகே மற்ற கருவிகளைப் பொருத்தத் தொடங்குங்கள்.